வானியல் துகள் இயற்பியல்: நெல்லைச் சீமையிலிருந்து அடிக்கடி வரும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் எம்.எஸ்சி. இயற்பியல் வகுப்பு எடுப்பவன் நான். காஸ்மிக் கதிர், நியூட்ரினோ, காமா கதிர் என்று ஆசைப்படும் பிள்ளைகள் அம்பாசமுத்திரத்திலிருந்து வந்தாலும் வள்ளியூரிலிருந்து வந்தாலும் கேட்பது ஏறக்குறைய ஒன்றுதான்: எந்த மாநாடு, எந்தப் பயிற்சி, எப்போது விண்ணப்பம், நமக்கெல்லாம் கிடைக்குமா. வாட்ஸ்அப்பில் திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருக்க முடியவில்லை. அதனால் ஒரே இடத்தில் எழுதிவிட்டேன். கேள்விகளை அவர்கள் பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

சார், இது வானியலா, துகள் இயற்பியலா? எதைப் படிக்கணும்?

இரண்டும்தான். விண்வெளியிலிருந்து வரும் துகள்களைப் பிடித்து, அவை எங்கே பிறந்தன, அவ்வளவு ஆற்றல் எப்படி வந்தது என்று தேடுவதுதான் வேலை. 1912-ல் இயற்பியலாளர் விக்டர் ஹெஸ் பலூனில் ஏறிப் போனபோது, உயரம் கூடக் கூட அயனியாக்கமும் கூடுவதைக் கண்டார். விண்வெளியிலிருந்து வரும் கதிர்தான் அதற்குக் காரணம், அதுவே காஸ்மிக் கதிர். அங்கே தொடங்கியது. இன்று தென் துருவத்தில், எதோடும் அரிதாகவே மோதும் மின்னூட்டமில்லாத துகளான நியூட்ரினோவைப் பிடிக்க, ஒரு கன கிலோமீட்டர் பனிக்கட்டியையே கருவியாக்கியிருக்கிறது ஐஸ்கியூப். அர்ஜென்டினாவில் காஸ்மிக் கதிர்களைப் பிடிக்கும் பியர் ஓஜே ஆய்வகத்தின் கருவிகள் 3,000 சதுர கிலோமீட்டரில் பரவிக் கிடக்கின்றன.

எம்.எஸ்சி. பாடத்தில் அணுக்கரு இயற்பியலையும் மின்காந்தவியலையும் தேர்வுக்காக மட்டும் படிக்காமல் ஊன்றிப் படியுங்கள். கூடவே பைத்தானும் புள்ளியியலும் வேண்டும். புள்ளியியலை நம் பாடத்திட்டங்கள் ஒப்புக்குத்தான் தொட்டுவிட்டுப் போகின்றன. இந்தத் துறையிலோ நாள் முழுக்க அதோடுதான் பிழைப்பு.

எல்லாம் வெளிநாட்டுலதானே நடக்குது? இந்தியாவுல என்ன இருக்கு?

கோலார் தங்கச் சுரங்கத்தில் இரண்டு கிலோமீட்டருக்கும் ஆழத்தில் வைத்த கருவிகள், வளிமண்டல நியூட்ரினோக்களை 1965-லேயே பதிவு செய்தன. உலகில் முதலில் பார்த்தவர்களில் அவர்களும் உண்டு. சுரங்கம் மூடிவிட்டது, ஆனால் அந்த மரபு ஊட்டியில் இருக்கிறது. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் காஸ்மிக் கதிர் ஆய்வகமான கிரேப்ஸ்-3 அங்கேதான். 2,200 மீட்டர் உயரத்தில், 8 மீட்டர் இடைவெளியில், ஒவ்வொன்றும் ஒரு சதுர மீட்டர் அளவில் துகள் பட்டால் மின்னும் சுமார் 400 சிண்டிலேட்டர்கள். பக்கத்திலேயே 560 சதுர மீட்டரில், எலக்ட்ரானைப் போன்ற ஆனால் கனமான துகளான மியூவானைப் பிடிக்கும் மியூவான் தொலைநோக்கி, தலைக்கு மேல் இரண்டு மீட்டர் கான்கிரீட்டைச் சுமந்துகொண்டு நிற்கிறது. 2014 டிசம்பரில் ஊட்டிக்கு மேல் போன ஒரு இடிமேகத்தில் மியூவான் எண்ணிக்கை குறைந்ததை வைத்து, மேகத்துக்குள் சுமார் 130 கோடி வோல்ட் இருந்ததென்று கணக்கிட்டார்கள். 2019-ல் வெளியான அந்த ஆய்வுக் கட்டுரையை எம்.எஸ்சி. மாணவர் ஒருவர் கஷ்டப்பட்டாவது படித்துவிடலாம். படியுங்கள்.

ஊட்டி என்றதும் முத்தோரைச் சரிவில் இருக்கும் 530 மீட்டர் ரேடியோ தொலைநோக்கியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது வேறு மையம், வேறு விண்ணப்பம். மற்றபடி லடாக்கின் ஹான்லேயில் 21 மீட்டர் விட்டமுள்ள மேஸ் காமா கதிர் தொலைநோக்கி 2024 அக்டோபரில் திறக்கப்பட்டது. ஜார்க்கண்டின் ஜாதுகுடா யுரேனியச் சுரங்கத்தில் 555 மீட்டர் ஆழத்தில் இருண்ட பொருளைத் தேடுகிறார்கள். மகாராஷ்டிராவின் ஹிங்கோலியில் ஈர்ப்பலைகளைப் பிடிக்கும் லைகோ-இந்தியாவுக்கு 2023-ல் ஒப்புதல் கிடைத்தது.

தேனி நியூட்ரினோ திட்டந்தான் நின்னு போச்சே, இனி அதை நம்பிப் படிக்கலாமா?

பொட்டிப்புரம் மலையைக் குடைந்து 50,000 டன் இரும்புக் கருவி வைக்கும் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2015-ன் தொடக்கத்தில் ஒப்புதல் தந்தது. காடு, தண்ணீர், பாறை என்று மக்கள் எதிர்ப்பு எழுந்தது. தமிழக அரசும் உச்ச நீதிமன்றத்தில் எதிர்த்தது. அந்த விவாதத்துக்கு இந்தப் பக்கத்தில் இடமில்லை. மாணவருக்கு நான் சொல்வது ஒன்றுதான்: ஒரே ஒரு திட்டத்தை நம்பிப் படிப்பைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

ஆனால் அந்தத் திட்டத்துக்காகப் பழகிய கைகளும் கருவிகளும் இருக்கின்றன. 85 டன் எடையுள்ள மினி-ஐகால் என்ற சிறிய மாதிரி மதுரையில் அமைந்தது. நம் ஊரிலிருந்து மூன்று மணி நேர ரயில் பயணம். துகள் கருவி என்றால் எப்படியிருக்கும் என்று பார்க்க, துறைத் தலைவர் கையெழுத்தோடு ஒரு கடிதம் எழுதி அனுமதி கேட்டுப் பார்க்கலாம்.

எந்த மாசம் எதுக்கு அப்ளை பண்ணணும்? ஒண்ணுமே புரியல.

இதுதான் அதிகம் வரும் கேள்வி. நம் பிள்ளைகள் அதிகம் கோட்டை விடுவதும் இங்கேதான். அறிவிப்பு வரட்டும் என்று காத்திருப்பார்கள். கண்ணில் படும்போது கடைசித் தேதி போயிருக்கும். இத்தனைக்கும் இந்தத் துறையின் காலண்டர் பெரிதாக மாறுவதே இல்லை. போன வருஷத் தேதியைப் பார்த்துவைத்தால் இந்த வருஷம் ஏறக்குறைய அதே வாரம்தான்.

அக்டோபர், நவம்பரில் மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து நடத்தும் கோடை ஆராய்ச்சி உதவித்தொகைக்கு விண்ணப்பம். எட்டு வாரம் ஒரு விஞ்ஞானியிடம் வேலை பார்க்கலாம், உதவித்தொகையும் உண்டு. டிசம்பரில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் நுழைவுத் தேர்வு. குளிர்கால முடிவுக்குள் அதே நிறுவனத்தின் வி.எஸ்.ஆர்.பி. கோடை ஆராய்ச்சித் திட்டம், புனே ஐயூக்கா வானியல் மையத்தின் விடுமுறைக்கால மாணவர் திட்டம் என்று கோடைக்கானவை வரிசையாக வரும். ஜெனீவாவின் துகள் ஆய்வு மையமான செர்னின் கோடைக்கால மாணவர் திட்டத்துக்கு ஜனவரிக் கடைசியில் விண்ணப்பம் முடியும். மேற்படிப்புக்கான தேர்வுகளில் பிப்ரவரியில் கேட், அதை ஒட்டி ஜெஸ்ட். ஜூனிலும் டிசம்பரிலும் சி.எஸ்.ஐ.ஆர். நெட் சுற்றுகள். பெங்களூரு ஐ.சி.டி.எஸ். கோட்பாட்டு அறிவியல் மையத்தின் பயிற்சிப் பள்ளிகள் ஆண்டு முழுக்க வரும். அதற்கு மட்டும் மாதம் ஒருமுறை அவர்கள் பட்டியலைப் பார்க்க வேண்டும்.

கவனித்தீர்களா, பாதிக்கு மேல் நவம்பர் முதல் பிப்ரவரிக்குள். நமக்கு அது செமஸ்டர் தேர்வும் அடைமழையும் சேர்ந்து வரும் காலம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் மின்சாரமும் இணையமும் நாள் கணக்கில் இல்லாமல் கிடந்தோமே, அந்த வாரத்தில் கடைசித் தேதி இருந்தவர் என்ன செய்திருப்பார்? மதிப்பெண் பட்டியல், புகைப்படம், ஒரு பக்கக் குறிப்பு எல்லாவற்றையும் செப்டம்பரிலேயே பி.டி.எஃப். ஆக்கிவைத்து, கடைசித் தேதிக்கு ஒரு வாரம் முன்பே அனுப்பிவிடுங்கள். பரிந்துரைக் கடிதம் எழுதும் ஆசிரியருக்கும் மூன்று வாரமாவது கொடுங்கள். “சார், இன்னைக்கு ராத்திரிக்குள்ள வேணும்” என்று வந்தால் எழுதத்தான் செய்வோம். அந்தக் கடிதம் எப்படியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

நான் பி.எஸ்சி. தான். இன்ஜினியரிங் படிக்கிறவங்களும் வரலாமா?

பி.எஸ்சி. மாணவருக்கு மேலே சொன்ன கோடைத் திட்டங்களில் சில உண்டு, சில முதுகலைக்கு மட்டும். ஒவ்வொன்றிலும் ‘யார் விண்ணப்பிக்கலாம்’ என்ற பத்தியை முதலில் படித்துவிடுங்கள்.

இன்ஜினியரிங் பிள்ளைகள் தயங்கவே வேண்டாம். எலக்ட்ரானிக்ஸ் படித்தவருக்கு இந்தத் துறையில் நல்ல மரியாதை. நானோ நொடி நேரத்தில் சிக்னலைப் பிடித்து எண்ணாக்கும் அட்டையை வடிவமைப்பவர் இல்லாமல் எந்தக் கருவியும் ஓடாது.

பெரிய மாநாடுன்னா எது? நாமளும் போக முடியுமா?

மூன்றை நினைவில் வையுங்கள். சர்வதேச காஸ்மிக் கதிர் மாநாடு 1947-ல் தொடங்கியது. ஒற்றைப்படை ஆண்டுகளில் நடக்கும். 2023-ல் நகோயா, 2025-ல் ஜெனீவா. 2005-ல் நம் புனேயிலேயே நடந்தது. வானியல் துகள், நிலத்தடி இயற்பியலுக்கான டாப் மாநாடும் ஒற்றைப்படை ஆண்டுதான். நியூட்ரினோ மாநாடு இரட்டைப்படை ஆண்டில் வரும், 2024-ல் மிலானில் கூடினார்கள்.

முதல் மாநாட்டுக்கே ஐரோப்பா வேண்டாம் என்பது என் கருத்து. அணுசக்தித் துறையின் உயர் ஆற்றல் இயற்பியல் கருத்தரங்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை டிசம்பரில் நம் நாட்டிலேயே நடக்கிறது. 2022-ல் மொகாலி, 2024-ல் வாரணாசி. இந்திய வானியல் கழகத்தின் கூட்டம் ஆண்டுதோறும் உண்டு. நாளைக்கு உங்களுக்கு கைடாக வரக்கூடியவர் அங்கே தேநீர் வரிசையில் உங்களுக்கு முன்னால் நிற்பார். ஜெனீவாவின் ஆயிரம் பேர் கூட்டத்தில் அப்படிக் கிடைப்பது அபூர்வம்.

இன்னொன்று, முடிந்துபோன மாநாடும் பயன்தான். பேசியவர்களின் ஸ்லைடுகள் நிகழ்ச்சி நிரல் பக்கத்தில் அப்படியே இருக்கும், காஸ்மிக் கதிர் மாநாட்டின் கட்டுரைகளும் இலவசம். ‘ராப்போர்ட்டர்’ என்று போட்டிருக்கும் உரைகளை முதலில் எடுங்கள். அந்தப் பிரிவில் வந்த அத்தனை கட்டுரைகளையும் ஒருவர் படித்துச் சுருக்கிச் சொல்லியிருப்பார்.

அவ்வளவு காசுக்கு எங்க போறது சார்?

ஐ.சி.டி.எஸ். போன்ற இடங்களில் தேர்வானவர்களுக்குப் பெரும்பாலும் தங்குமிடமும் சாப்பாடும் அவர்கள் பொறுப்பு. பெங்களூருக்கு நம் ஊர் வழியாகவே நாகர்கோவில் ரயில் போகிறது. இத்தாலியின் ட்ரியெஸ்டே நகரில் 1964-ல் இயற்பியலாளர் அப்துஸ் சலாம் தொடங்கிய ஐ.சி.டி.பி. கோட்பாட்டு இயற்பியல் மையம், வளரும் நாட்டுப் பிள்ளைகளுக்காகவே இருப்பது. பதிவுக் கட்டணம் வாங்குவதில்லை, பயண உதவியும் கொஞ்சம் பேருக்குக் கிடைக்கும். விண்ணப்பத்தில் ‘நிதியுதவி வேண்டுமா’ என்ற கட்டத்தைக் கூச்சப்பட்டு விட்டுவிடாதீர்கள். கேட்டதற்காக யாரும் உங்களைத் தள்ளிவிடுவதில்லை.

பாஸ்போர்ட்டை இன்றே எடுத்துவையுங்கள். நம் ஊரிலேயே சேவை மையம் இருக்கிறது. அழைப்பு வந்த பிறகு எடுக்க ஓடினால், விசா நேர்காணலுக்கு நாள் கிடைக்காமல் எல்லாம் வீணாகும்.

பேராசிரியர்களுக்கு மெயில் போட்டா பதிலே வரதில்ல. என்ன தப்பு?

போன வருஷம் ஒரு பையன் காட்டிய மெயில்: “ரெஸ்பெக்டட் சார், ஐ ஆம் வெரி மச் இன்ட்ரஸ்டட் இன் யுவர் எஸ்டீம்டு ரிசர்ச்.” கீழே இணைப்பாக ஆறு பக்க பயோடேட்டா, அதில் எட்டாம் வகுப்பு ஓவியப் போட்டிச் சான்றிதழ் வரை. அனுப்பிய முகவரிகளில் நாற்பது பேராசிரியர்கள் பெயரும் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி இருந்தது. நாற்பது பேரும் மற்றவர் பதில் சொல்வார் என்று விட்டிருப்பார்கள்.

ஒருவருக்கு ஒரு மெயில். அவருடைய சமீபத்திய கட்டுரை ஒன்றின் ஒரு படத்தையோ அட்டவணையையோ குறிப்பிட்டு ஒரு கேள்வி கேளுங்கள். நீங்கள் செய்த ஒரு வேலையை இரண்டு வரியில் சொல்லுங்கள். எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை வர முடியும் என்று எழுதுங்கள். அவ்வளவுதான், பத்து வரி. இரண்டு வாரம் பதில் இல்லையென்றால் ஒரே ஒரு நினைவூட்டல், பிறகு விட்டுவிடுங்கள். இங்கிலீஷ் சரளமாக வர வேண்டுமென்று இல்லை, சின்னச் சின்ன வாக்கியம் போதும். படித்துப் பார்க்கும் ஜப்பானியருக்கும் இத்தாலியருக்கும்கூட அது தாய்மொழி கிடையாது.

சொல்லிக் காட்ட என்கிட்ட வேலையே இல்லையே? நம்ம ஊர்ல இருந்து என்ன செய்ய முடியும்?

முடியும், அதுவும் நம் ஊருக்கே உரிய ஒன்று. புவிகாந்த நடுக்கோடு நம் தென்கோடியை ஒட்டித்தான் போகிறது. இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் கிருஷ்ணாபுரத்தில் ஆய்வகம் வைத்திருப்பதற்கும் அதுதான் காரணம். பூமியின் காந்தப் புலம் இங்கே கிடைமட்டமாக நின்று, மேலிருந்து வரும் மின்னூட்டத் துகள்களைத் திருப்பிவிடுகிறது. தென்னிந்தியாவுக்குள் நேர் மேலிருந்து நுழைய ஒரு புரோட்டானுக்குச் சுமார் 17 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும். துருவங்களில் அந்தத் தடையே இல்லை. காஸ்மிக் கதிர்களில் பெரும்பாலானவை நேர் மின்னூட்டம் கொண்டவை. அதனால் கிழக்கைவிட மேற்கிலிருந்து சற்று அதிகமாக வரும்.

இதை மாடியில் அளக்கலாம். ஐந்துக்கு ஐந்து சென்டிமீட்டர் சிண்டிலேட்டரும் சிலிக்கான் ஒளி உணரியும் வைத்த சிறு கருவியின் வரைபடங்களை காஸ்மிக்வாட்ச் என்ற பெயரில் இலவசமாக வெளியிட்டிருக்கிறார்கள். கடல் மட்டத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்துக்கு ஒரு மியூவான் என்பது தோராயக் கணக்கு. ஒரு கருவிக்கு நிமிடத்துக்கு இருபது, இருபத்தைந்து வரும். இரண்டு கருவிகளைச் சற்றுத் தள்ளி வைத்து, இரண்டிலும் ஒரே சமயம் பட்டதை மட்டும் எண்ணினால் திசை கிடைக்கும், ஆனால் எண்ணிக்கை சரிந்துவிடும். நிமிடத்துக்கு இரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சதவீதத் துல்லியத்துக்குப் பத்தாயிரம் எண்ணிக்கை வேண்டும், அதாவது 5,000 நிமிடம், ஒரு திசைக்கு மூன்றரை நாள். கிழக்கு, மேற்கு என்று மாற்றி மாற்றி வைக்க வேண்டும். இல்லையென்றால் காற்றழுத்த மாற்றமும் வெயிலில் கருவி சூடாவதும் உங்கள் விடையில் ஏறிக்கொள்ளும். சித்திரை வெயிலில் நெல்லை மாடி எப்படிக் காயும் என்று தெரியுமே. ஒளி உணரியின் இரைச்சல் சூட்டில் எகிறும், நிழலில் வையுங்கள்.

கருவி வாங்க வழியில்லை என்றால் தரவு இலவசம். ஃபெர்மி விண்கலம் 2008 முதல் சேர்த்த காமா கதிர்த் தரவு எல்லோருக்கும் திறந்திருக்கிறது. பியர் ஓஜேயும் 2021-ல் தன் தரவில் பத்து சதவீதத்தை வெளியிட்டது. ஒரு சாதாரண மடிக்கணினி போதும். பள்ளிப் பிள்ளைகளை வைத்து ஏதாவது செய்ய நினைக்கும் ஆசிரியர்கள், ஆண்டுதோறும் நவம்பர் வாக்கில் ஜெர்மனியின் டெசி துகள் ஆய்வு மையம் நடத்தும் சர்வதேச காஸ்மிக் தினத்தில் பதிவு செய்துகொள்ளலாம்.

கூடங்குளத்துலயும் நியூட்ரினோ வருதாமே, அங்க ஆராய்ச்சி வேலை கிடைக்குமா?

வருவது உண்மை. ஒவ்வொரு அணுப் பிளவுக்கும் சுமார் ஆறு எதிர் நியூட்ரினோக்கள். முழுத் திறனில் ஓடும் ஒரு 1,000 மெகாவாட் உலையிலிருந்து நொடிக்கு ஆறுக்குப் பின்னால் இருபது சுழியம் போட்ட எண்ணிக்கையில் கிளம்பி, நம்மையும் கடந்து போய்க்கொண்டே இருக்கின்றன. நம்மை ஒன்றும் செய்வதில்லை. 1956-ல் நியூட்ரினோவை முதன்முதலில் பிடித்ததும் ஓர் அணு உலைக்குப் பக்கத்தில்தான்.

ஆனால் கூடங்குளம் மின்சாரம் தயாரிக்கும் நிலையம், ஆராய்ச்சிக்கூடம் அல்ல. இந்தியாவில் உலை நியூட்ரினோ ஆய்வு டிராம்பேயில் துருவா உலையருகே, இஸ்மிரான் என்ற பெயரில் நடக்கிறது. விருப்பம் இருந்தால் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் பக்கம் பாருங்கள்.

பொம்பளப் பிள்ளையத் தனியா ஊட்டிக்கும் பெங்களூருக்கும் எப்படி சார் அனுப்புறது?

இதைக் கேட்பது பெற்றோர். நியாயமான கேள்விதான். தேர்வுக் கடிதத்தில் தங்குமிடம் எது, யார் பொறுப்பு என்று இருக்கும். இல்லையென்றால் மெயில் போட்டுக் கேளுங்கள், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். முதல் தடவை வீட்டிலிருந்து ஒருவர் கொண்டுபோய் விட்டுவிட்டு, இடத்தைப் பார்த்து வரலாம். எங்கள் துறையிலிருந்து அப்படிப் போன பிள்ளைகளின் அம்மாக்களிடம் பேச வேண்டுமென்றாலும் ஏற்பாடு செய்கிறேன். நான் பேசுவதைவிட அவர்கள் பேசினால் உங்களுக்கு நம்பிக்கை வரும்.

மாநாட்டுக்குச் சுருக்கம் அனுப்பினேன், ரிஜெக்ட் ஆயிடுச்சு. ஏன்?

நான் பார்த்த சுருக்கங்களில் பாதி, “காஸ்மிக் கதிர்கள் 1912-ல் கண்டுபிடிக்கப்பட்டன” என்று தொடங்கும். இருநூறு சொல்லில் நூற்றைம்பது வரலாற்றுக்கே போய்விடும். தேர்வுக் குழுவுக்கு அது தெரியாதா? ‘மார்க்கேரியன் 421 விண்மீன் திரளின் ஃபெர்மி தரவை மாதவாரியாகப் பிரித்தோம், இன்ன காலத்தில் இத்தனை மடங்கு பிரகாசம் கூடியது, நிறமாலை இப்படி மாறியது’ என்று எடுத்தவுடன் விஷயத்துக்கு வாருங்கள். விடையில் ஓர் எண் இருக்க வேண்டும், அந்த எண்ணுக்குப் பிழை வரம்பும் இருக்க வேண்டும். பேச்சு கிடைக்காமல் போஸ்டர் கிடைத்தால் வருத்தப்படாதீர்கள். போஸ்டர் முன்னால் நிற்பவரோடு அரை மணி நேரம் பேசலாம், மேடையில் பன்னிரண்டு நிமிடத்தோடு மணி அடித்துவிடுவார்கள்.

பாரிஸ்ல முக்கியப் பேச்சாளரா வரச் சொல்லி மெயில் வந்திருக்கு சார்!

எனக்கும் வாரம் ஒன்று வருகிறது. நர்சிங், நானோ, வானியற்பியல் எல்லாம் ஒரே மாநாட்டில் இருந்தால் மூடிவிடுங்கள். அறிவியல் குழுவில் இருப்பவர்கள் இந்தத் துறையில் கட்டுரை எழுதியவர்களா என்று தேடுங்கள். போன வருஷ ஸ்லைடுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள், இதன் அருமையை மேலே மாநாட்டுக் கேள்வியில் சொல்லியிருக்கிறேன். சுருக்கம் அனுப்பிய மறுநாளே ‘ஏற்கப்பட்டது, பணம் கட்டவும்’ என்று வந்தால் சந்தேகமே வேண்டாம்.

நெட்டுல ஜே.ஆர்.எஃப். வரல. பி.எச்டி. கனவு அவ்வளவுதானா?

இல்லை. நெட் தேர்வில் கிடைக்கும் அந்த ஆராய்ச்சி உதவித்தொகை இல்லாமலும் வழி உண்டு. டாடா ஆராய்ச்சி நிறுவனத்துக்குத் தனித் தேர்வு. ஜெஸ்ட் மதிப்பெண்ணை வைத்துச் சென்னை கணித அறிவியல் நிறுவனம் உட்படப் பல இடங்கள் நேர்காணலுக்கு அழைக்கின்றன. பல்கலைக்கழகத்தில் முதலிடம் பெற்றவருக்கு இன்ஸ்பயர் உதவித்தொகை இருக்கிறது. ஐரோப்பாவில் முனைவர் படிப்பு பல இடங்களில் சம்பள வேலை. நுழைவுத் தேர்வு கேட்கமாட்டார்கள், முதுகலைத் திட்டப்பணியையும் பரிந்துரைக் கடிதத்தையும்தான் கிண்டிக் கேட்பார்கள். மாடியில் மியூவான் எண்ணிய கதை அங்கே கைகொடுக்கும்.

உதவித்தொகை இல்லாமல் பகுதிநேரமாகச் சேர்ந்து ஏழெட்டு வருஷம் இழுப்பதை மட்டும் நான் ஆதரிக்கமாட்டேன். மாதம் 37,000 ரூபாய் வாங்கிக்கொண்டு முழுநேரம் வேலை செய்பவரோடு போட்டி போடுவது கஷ்டம். அதற்கு ஒரு வருஷம் ப்ராஜெக்ட் அசிஸ்டென்ட் ஆகச் சேர்ந்து, மறுபடி எழுதுவது மேல்.

ஐஸ்கியூப் மாதிரி கூட்டமைப்புல நானா சேர முடியுமா?

தனி ஆளாக முடியாது. நிறுவனங்கள்தான் உறுப்பினர், அதன் மாணவராக நீங்கள் உள்ளே போவீர்கள். அதனால் முதலில் சோதனையைத் தேர்ந்தெடுங்கள், பிறகு அதன் உறுப்பு நிறுவனங்களின் பட்டியலை எடுத்து, அங்கே மாணவர் எடுக்கும் பேராசிரியருக்கு எழுதுங்கள், மேலே சொன்ன பத்து வரியில். ஒரு எச்சரிக்கை: பெரிய கூட்டமைப்பில் நானூறு பேர் பெயரும் அகரவரிசையில் வரும். நீங்கள் செய்தது எது என்று தனியாகக் காட்டத் தெரிய வேண்டும். உள்ளறிக்கைகள், மாநாட்டில் நீங்கள் பேசியது, நீங்கள் எழுதிய நிரல், இவற்றைத் தேதியோடு சேர்த்துவையுங்கள்.

ரெண்டு இடத்துல கிடைச்சிருக்கு. ரெண்டையும் பிடிச்சு வச்சுக்கிட்டு அப்புறம் முடிவு பண்ணலாமா?

கொஞ்ச நாள் வைக்கலாம். ஒரு இடத்தில் முடிவு சொல்லக் கூடுதலாக ஒரு வாரம் கேட்டால் பெரும்பாலும் தருவார்கள். ஆனால் இரண்டுக்கும் சரி சொல்லிவிட்டுக் கடைசி நேரத்தில் ஒன்றுக்குப் போகாமல் இருக்காதீர்கள். இந்தியாவில் இந்தத் துறை சின்னது, எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். அடுத்த வருஷம் நம் கல்லூரியிலிருந்து போகும் பிள்ளையின் விண்ணப்பத்தை அதே ஆள்தான் பார்ப்பார். முடிவு செய்த அன்றே மற்ற இடத்துக்கு எழுதிவிட்டால், காத்திருப்புப் பட்டியலில் இருப்பவருக்கு அந்த இடம் போகும். காரணமெல்லாம் விளக்க வேண்டாம், நன்றியோடு இரண்டு வரி போதும்.